தேவாசிரிய மண்டபத்தைக் கடந்து போகையில்



சென்ற மாதம் வாசகியார் ஒருவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. அம்மையாருக்கு வயது 74. முழங்கால் தேய்மானம். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் தெருப் பெண்களுடன் சேர்ந்து கோயிலில் பாடி வந்தவர், இப்போது போவதில்லையாம். “தொலைக்காட்சியில் அபிடேகத்தையும் ஆராதனையையும் கருவறை வாசலில் நின்று பார்ப்பதுபோலப் பார்க்கிறேன். கோயிலுக்குப் போனால்கூட சுவாமியை இவ்வளவு தெளிவாகக் காண முடிவதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி புடவையைப் பற்றிப் பேசுவாள், ஒருத்தி மருமகளைப் பற்றிப் பேசுவாள். கடவுளுக்கும் எனக்கும் நடுவில் இத்தனை பேர் எதற்கு என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது தவறா?” என்று கேட்டிருந்தார்.

நடக்க இயலாதவர் வீட்டிலிருந்தபடியே தரிசிப்பதில் எந்தத் தவறும் இல்லை அம்மா. அதற்காக வருந்தவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி முழங்காலைப் பற்றியது அன்று. அந்தக் கேள்வியை 36 ஆண்டுகள் நானும் மனத்தில் வைத்திருந்தேன். ஆகவே, அதற்கு விடை கூறும் தகுதி எனக்கு உண்டோ இல்லையோ, அந்தக் கேள்வியால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லும் கடமை உண்டு.

வங்கிப் பணியில் இருந்த காலத்தில் ஊர் ஊராக மாற்றல். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே கோயிலைத் தேடிப் போய்விடுவேன். காலை எட்டு மணிக்கு அர்ச்சனைச் சீட்டு, பெயர், நட்சத்திரம், இரண்டு நிமிடத் தரிசனம், நெற்றியில் நீறு, எட்டரைக்குக் கிளை. நாயன்மார் திருமேனிகள் வரிசையாக நிற்கும் திருச்சுற்றை நான் கடந்த வேகத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அங்கே யாராவது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தால், வழியை மறைக்கிறார்களே என்றுதான் தோன்றும். கணக்கு எனக்கும் இறைவனுக்கும் இடையிலே. மற்றவர்களுக்கு அதில் கையெழுத்து இல்லை என்பது என் எண்ணம்.

திருவாரூருக்குப் போனவர்கள் தேவாசிரிய மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரங்கால் மண்டபம் என்றும் சொல்வார்கள். விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் வரலாறு வண்ணச் சித்திரங்களாகத் தீட்டப்பட்டிருக்கும். பெரும்பாலோர் கழுத்தை நிமிர்த்தி அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சி பிற்பாடுதான் உறைத்தது.

அடியார்கள் அங்கே திரளாகக் கூடியிருக்கிறார்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தியாகேசரைத் தரிசிக்க அந்த வழியே வருகிறார். சேக்கிழார் பெருமான் இந்த நிகழ்ச்சியை இரண்டு இடங்களில் வைத்துச் சொல்கிறார். தடுத்தாட்கொண்ட புராணத்தில், ‘இவர்களுக்கு நான் அடியவன் ஆவது எந்த நாளோ’ என்று உள்ளத்தில் நினைந்தபடி சுந்தரர் செல்கிறார். விறன்மிண்ட நாயனார் புராணத்தில், அதே காட்சியை எதிர்ப்பக்கத்திலிருந்து காண்கிறோம். மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்த விறன்மிண்டர், அடியார் கூட்டத்தை நேரே வணங்காமல் ஒருபுறமாக ஒதுங்கிப் போகும் சுந்தரரைப் பார்க்கிறார். அவருக்குப் பொறுக்கவில்லை. அடியார்களுக்குச் சுந்தரரும் புறம்பு, அவரை ஆட்கொண்ட சிவபெருமானும் புறம்பு என்று சொல்லிவிடுகிறார். இறைவனையே விலக்கி வைக்கும் அளவுக்குக் கோபம்!

இதற்காக இறைவன் விறன்மிண்டரைத் தண்டித்தாரா? இல்லை. சுந்தரருக்கு முதலடி எடுத்துக் கொடுத்து அடியார்களைப் பாடும்படி பணித்தார். 11 பாடல்கள் கொண்ட திருத்தொண்டத்தொகை அப்படிப் பிறந்தது. அதில் தனியடியார் 60 பேர். தொகையடியார் ஒன்பது கூட்டத்தார். தொகையடியார்களுக்குத் தனிப்பெயர் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பத்தராய்ப் பணிவார், பரமனையே பாடுவார், முப்போதும் திருமேனி தீண்டுவார் என்று செய்யும் தொண்டால் மட்டும் அறியப்படுபவர்கள். விறன்மிண்டரும் அந்தப் பதிகத்தில் வணங்கப்படுகிறார். சுந்தரர் உள்ளத்தால் வணங்கினார் என்பதில் ஐயமில்லை. நம்பியாரூரரின் உள்ளத்தைச் சந்தேகிக்க நாம் யார்? ஆயினும் உள்ளத்தால் வணங்கியது போதாது, உடன் வந்து நில் என்று ஓர் அடியார் கேட்டதையும் இறைவன் சரியென்று ஏற்றார். இதை நான் படித்தறிந்தது பணி ஓய்வுக்குப் பிறகு. உணர்ந்தது அதற்கும் பிறகு.

2017-இல் என் மனைவி இறைவனடி சேர்ந்தார். மூன்றாம் நாள் மாலை, எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஞாயிறுதோறும் திருமுறை ஓதும் அன்பர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் இருவரைத்தான் எனக்கு முகம் தெரியும். என் மனைவி அவர்களோடு எப்போதாவது அமர்ந்து பாடுவாராம். எனக்கு அதுவும் தெரியாது. தரையில் அமர்ந்து சிவபுராணம் ஓதினார்கள். நீறு கொடுத்தார்கள். ஆறுதலாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து போய்விட்டார்கள். அந்த வாரம் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சொன்னவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. இவர்கள் பாடியது மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

எங்கள் குழு பெரிய குழு அன்று. பதினைந்து பேர், விழா நாளில் இருபது. தென்முகக் கடவுள் சந்நிதிக்கு எதிரே பாய் விரித்து அமர்வோம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தாளம் பிடித்து முன்னே பாடுவார், மற்றவர்கள் பின்தொடர்வோம். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை திருவாசகம் முற்றோதல். சிவபுராணம் தொடங்கி அச்சோப் பதிகம் வரை 51 பகுதிகளையும் காலையிலிருந்து மாலைக்குள் ஓதி முடிப்போம். நடுவில் எல்லோருக்கும் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். மாதம் ஒருநாள் உழவாரப்பணி. அப்பர் சுவாமிகள் கையிலே பிடித்த கருவி அது என்று நினைத்தால், மதில்மேல் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும் வேறொரு சுவை பெறும்.

வங்கியில் இருந்தவர் என்பதால் ஓராண்டுக்குள் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். (நம் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் நான்கு பதவி உண்டாகும். அதைப் பற்றி எழுத இன்னொரு வாரம் வேண்டும்.) ரசீதுப் புத்தகம் அச்சிட்டேன். செலவுக்கு வவுச்சர் வைத்தேன். வருகைப் பதிவேடும் தொடங்கினேன். கணக்கு ஒழுங்கானது, என் மனமும் பழையபடி மேலாளர் நாற்காலியில் ஏறி அமர்ந்துகொண்டது.

குழுவில் ஓர் அம்மா வருவார். கோயில் வாசலில் பல ஆண்டுகள் பூக்கடை வைத்திருந்தவர்; வயது எழுபதுக்கு மேல். எல்லோருக்கும் முன்னால் வந்து மண்டபத்தைப் பெருக்கிப் பாய் விரித்து, குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவார். பாடும்போது நல்ல உரத்த குரல். ஆனால் எப்போதும் மற்றவர்களுக்கு அரையடி பின்னால்தான் வருவார். நாங்கள் ஓர் அடியை முடித்த பிறகு அவருடைய கடைசிச் சொல் மட்டும் தனியே வந்து விழும். பதிகம் முடிந்து எல்லோரும் கைகூப்பிய பிறகும் அவர் குரல் ஒரு கணம் மண்டபத்தில் இருக்கும். இளைஞர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

2019, ஆனி மகம். மாணிக்கவாசகர் குருபூசை. வெளியூரிலிருந்து அன்பர்கள் வருகிறார்கள், ஒலிப்பதிவு செய்யப் போகிறோம் என்று ஒரே பரபரப்பு. தொடங்குவதற்கு முன் அந்த அம்மாவிடம் போய், “அம்மா, இன்றைக்கு மட்டும் நீங்கள் மனத்துக்குள் பாடுங்கள். பதிவு சரியாக வரவேண்டும்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். வங்கியில் கடன் விண்ணப்பத்தை மறுக்கும்போதும் மரியாதையாகத்தான் சொல்வோம்.

“சரிங்க ஐயா” என்றார்.

அன்று அவர் வாய் திறக்கவில்லை. பதிவு மிக நன்றாக வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் வாரம் போனபோது மண்டபம் முழுவதும் வௌவால் எச்சமும் புழுதியும் கிடந்தன. யார் பெருக்குவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மூன்றாம் முறையாக ‘வரவில்லை’ என்று குறித்தபோது எனக்குக் கை ஓடவில்லை. பாடல் முடிந்ததும் அவர் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை. என்னைக் கண்டதும் பதறி எழுந்து, “பேங்க்கு ஐயாவா, வாங்க வாங்க” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கோபமாக இருப்பார் என்று எண்ணிப் போனேன். கோபத்தின் சாயலே இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு நாவெழவில்லை. அவரே சொன்னார்.

“எனக்கு எழுத்து தெரியாதுங்க ஐயா. புத்தகத்தைக் கையில வச்சிருப்பேனே ஒழிய, ஒரு வரி படிக்கத் தெரியாது. நீங்க எல்லாரும் பாடுறதைக் காதுல வாங்கித்தான் நான் பாடணும். கேட்டாத்தானே வாயில வரும்? அதனாலதான் பின்னாடியே வருவேன். நிறுத்தணும்னு நினைச்சா முடியலைங்க. பாட்டைக் கெடுக்கிறோமேன்னுதான் வரலை.”

“வீட்டில் பாடுகிறீர்களா அம்மா?” என்றேன்.

“தனியா வராதுங்க. முன்னால ஒரு குரல் போனாத்தான் என் குரல் அது பின்னால போகும்.”

எனக்குப் புத்தகம் உண்டு. படிப்பு உண்டு. கூட்டமே இல்லாவிட்டாலும் வீட்டுப் பூசையறையில் பதிகம் பதிகமாக ஓத முடியும். அந்த அம்மாவுக்கு இறைவனிடம் போக இருந்த வழி எங்கள் பதினைந்து பேர் குரல்தான். அந்த வழியில் நான் குறுக்கே நின்று, இன்று போகாதே என்று சொல்லியிருக்கிறேன். சுந்தரராவது அடியார்களை மனத்தில் வணங்கியபடி ஒதுங்கிப் போனார். நான் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டே ஒதுக்கியவன். விறன்மிண்டர் அந்த அறையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். “பெரிய வார்த்தை சொல்லாதீங்க” என்று காதைப் பொத்திக்கொண்டார். மறுவாரம் வந்தார். மண்டபம் பெருக்கியிருந்தது, தண்ணீர் நிரம்பியிருந்தது. ஆனால் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசையும். நான் எத்தனை முறை வேண்டிக்கொண்டும் பயனில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாதங்கள் போயின. பாடல்கள் இப்போது சுத்தமாக, ஒரே கத்தரிப்பில் முடிந்தன. நான் விரும்பிய ஒழுங்கு அதுதான், கேட்கத்தான் சகிக்கவில்லை. சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற வங்கியில் ‘ரத்து’ என்று முத்திரை உண்டு. இங்கே அது இல்லை.

அந்த மார்கழியில் திருவெம்பாவை. விடியற்காலை நாலரை மணி, பனி, பிராகாரத்தில் ஒரே ஒரு விளக்கு. தோழியர் ஒருவரை ஒருவர் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும் பாடல்கள் அவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டாள் நாச்சியாரின் திருப்பாவையிலும் அப்படியே. 30 பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரை பத்துப் பாசுரங்கள் வாசல் வாசலாகச் சென்று துயிலெழுப்புவதற்கே ஆகின்றன. நோன்புக்கு நேரமாகிறது, தூங்குகிறவள் தூங்கட்டும் என்று அந்தப் பெண்கள் விட்டுவிட்டுப் போவதில்லை. அப்படிப் பாடிக்கொண்டிருந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அடி முடிந்த இடத்தில் அரையடி தள்ளி ஒரு குரல் தனியே எழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்ற பயம். தாளம் பிடித்த பெரியவர் மட்டும் அடுத்த அடியைத் தொடங்காமல் சற்றே காத்திருந்தார். அன்றுமுதல் எங்கள் குழுவில் அந்தக் காத்திருப்பே வழக்கமாகிவிட்டது.

2020 மார்ச்சில் கோயில்கள் அடைக்கப்பட்டதும் கைப்பேசியில் எல்லோரையும் இணைத்துப் பாடலாம் என்று குழுவில் ஓர் இளைஞர் யோசனை சொன்னார். நீங்களும் முயன்றிருந்தால் அந்த வேடிக்கை தெரிந்திருக்கும். ஒருவர் முதலடியில், ஒருவர் மூன்றாமடியில், ஒருவர் இன்னும் விநாயகர் வணக்கத்தில்! கைப்பேசி வழியே குரல் போய்ச் சேரத் தாமதமாவதால் யாருடைய குரலும் யாரோடும் சேரவில்லை. அந்த அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதிகம் முடிந்ததும் அவர் குரல் கேட்டது: “பேங்க்கு ஐயா, இப்ப எல்லாருமே என்னை மாதிரி ஆயிட்டீங்களே!”

சிரித்தோம். ஆனால் அந்த மாதங்களில்தான் எங்கள் தமிழாசிரியர் மறைந்தார். இடுகாட்டுக்கு நால்வருக்கு மேல் போக முடியவில்லை. எத்தனையோ வீடுகளுக்குச் சென்று சிவபுராணம் ஓதியவருக்கு நாங்கள் ஒன்றுகூடி ஓத இயலவில்லை. செப்டம்பரில் கோயில் திறந்தபின் தரையில் வட்டம் போட்டு, ஆளுக்கொரு வட்டத்தில் அமர்ந்து, முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒன்பது பேர் அவருக்காகத் திருவாசகத்தை முழுவதும் ஓதி முடித்தோம். அவருடைய தாளம் நடு வட்டத்தில் இருந்தது.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் நீங்கள் சுவாமியைப் பார்க்கிறீர்கள். சுவாமியும் உங்களைப் பார்க்கிறார், அதில் குறை இல்லை. ஆனால் உங்கள் தெருப் பெண்கள் உங்களைப் பார்க்கவில்லையே. நீங்கள் விட்டுவந்த இடத்தில் உங்கள் குரலைப் பின்பற்றி யார் பாடிக்கொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

புடவைப் பேச்சும் மருமகள் பேச்சும் இருக்கத்தான் செய்யும். எங்கள் குழுவிலும் ஓய்வூதியப் பேச்சும் சர்க்கரை அளவும் உண்டு. முழுத் தூய்மையான கூட்டம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் நாமும் அதில் இடம் பெறமாட்டோம். திருநல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தப் பெருமான் திருமணத்திற்கு வந்தவர்களில் எல்லோருமா ஞானியர்? சிவிகை சுமந்து வந்தவர்களும் அந்தச் சோதியில் புகுந்தார்கள் என்று பெரியபுராணம் கூறுகிறது. வந்திருந்த அத்தனை பேரையும் முன்னே போகச் சொல்லிவிட்டு, பிள்ளையார் கடைசியில்தான் மனைவியாரோடு உள்ளே போனார். வைணவப் பெரியோர் சொல்லும் திருக்கோவலூர் நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. மழை இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடைகழியில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் நெருங்கி நின்றபோதுதானே, நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார்? தனியே பொய்கையார் படுத்திருந்தபோது அந்த நெருக்கம் ஏற்படவில்லை.

சென்ற ஆண்டு எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. மூன்று வாரம் புத்தகம் படிக்கக் கூடாது என்றார்கள். கறுப்புக் கண்ணாடியோடு கோயிலுக்குப் போனேன். மனப்பாடம் என்று எண்ணியிருந்த பதிகங்கள்கூடப் பாதியில் நழுவின. முன்னே போகும் குரலைக் கேட்டு, பிடித்து, பின்னே பாட வேண்டியிருந்தது. பூக்கடை அம்மா என்னைத் தன் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, “காதைக் கொடுங்க ஐயா, வாய் தானா வரும்” என்றார். ஏழாண்டுகளில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே உபதேசம் அது. இடையில் ஒருமுறை முழங்கையால் இலேசாக இடித்து, “ஒரு அடி விட்டுட்டீங்க” என்றும் திருத்தினார்.

அம்மா, உங்கள் ஊர்க் கோயிலில் இப்போது முதியவர்களுக்கு நாற்காலி போடுகிறார்களா என்று விசாரியுங்கள். பல கோயில்களில் போடுகிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்களில் ஒருவரைக் கூப்பிட்டு, ஆட்டோவில் தம்மோடு அழைத்துப் போகச் சொல்லுங்கள். நாற்காலி இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.